வள்ளித் திருமணம்: இயக்குநர் இல்லை, ஒத்திகை இல்லை... 100 ஆண்டுகளைக் கடந்தும் விடிய விடிய சிரிக்க வைக்கும் நாடகம் தாக்குப்பிடிப்பது எப்படி?

பாட்டு, ஆட்டம், கிண்டல், காதல், கடைசியில் கல்யாணம். அமெரிக்காவின் பிராட்வேயில் இதற்கு 'மியூசிக்கல் காமெடி' என்று பெயர். தமிழ்நாட்டின் கோயில் திருவிழாக்களில் இதே சரக்கு 'வள்ளித் திருமணம்' என்ற பெயரில் 100 ஆண்டுகளுக்கும் மேலாக மேடையேறி வருகிறது. பங்குனி தொடங்கி ஆடி வரை ஊர் ஊராக ஒட்டப்படும் நாடக நோட்டீஸ்களில் அதிகம் கண்ணில் படும் பெயர்களில் இதுவும் ஒன்று.

கதை எல்லோருக்கும் தெரியும். முடிவும் தெரியும். அப்படியிருந்தும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்க வைப்பது எது? இந்த நாடகத்துக்கு இப்போது என்ன சிக்கல்? விரிவாகப் பார்க்கலாம்.

கதை என்ன? கொல்லிமலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் கடைசியாக வரும் பகுதி வள்ளியம்மை திருமணப் படலம். மலைக்குறவர் தலைவன் நம்பிராஜன் வளர்க்கும் பெண் வள்ளி. விளைந்து நிற்கும் தினைப்புனத்தைக் காவல் காக்க அவளை அனுப்புகிறார்கள். பரண் மீது ஏறி நின்று, கவண் வீசி, 'ஆலோலம்' பாடிப் பறவைகளை விரட்டுகிறாள். நாரதர் மூலம் அவளைப் பற்றித் தெரிந்துகொண்ட முருகன், வேடன் வேஷத்தில் வருகிறார். பேச்சுக் கொடுக்கிறார். மாட்டிக்கொள்ளும் நேரத்தில் வேங்கை மரமாக நிற்கிறார். பிறகு தள்ளாடும் கிழவராக வந்து, பசிக்கிறது, தாகமாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடைசியில் 'என்னையே கட்டிக்கோ' என்கிறார். வள்ளி சீறுகிறாள். அண்ணன் விநாயகர் யானையாக வந்து மிரட்ட, பயந்துபோன வள்ளி கிழவரையே கட்டிக்கொள்கிறாள். விடியும்போது கல்யாணம்.

வந்திருப்பது முருகன் என்று பார்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். வள்ளிக்கு மட்டும் தெரியாது. நாடகத்தின் சிரிப்பு முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இந்தக் கதை நடக்கும் இடத்தை இன்றைக்கு நேரில் பார்க்க வேண்டுமானால் நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை பொருத்தமான இடம். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போகும் இந்த மலையில், மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக தினை, சாமை, கேழ்வரகு பயிரிட்டு வருபவர்கள். மரவள்ளி, காபி, மிளகு வந்த பிறகு சிறுதானிய நிலம் சுருங்கியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியப் பாதுகாப்புக்காக வேலை செய்து வருகிறது. நகரத்தில் இருப்பவருக்குத் தினைப்புனக் காவல் என்பது புராணக் காட்சி. கதிர் முற்றும் நேரத்தில் குருவியை விரட்டிப் பழகியவருக்கு அது வேலை. மேடையில் வள்ளி கவண் எடுப்பதற்கு விளக்கம் தேவையில்லை.

இன்னொரு தொடர்பும் உண்டு. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பாடும் புறநானூற்றின் 152-வது பாடல், வன்பரணர் எழுதியது. காட்டில் ஒரு வேடனைச் சந்திக்கும் பாணர் கூட்டம், அவன் யாரென்று தெரியாமலேயே வியந்து, இசைக்கருவிகளோடு பாடுகிறது. வேடன் கறியும் பொன்னும் கொடுக்கிறான். அவன்தான் ஓரி. அடையாளம் தெரியாத வேடன், அவனைச் சுற்றி ஒரு பாட்டு என்ற அமைப்பு இந்த மலைக்குப் புதிதல்ல. கலைஞர்களுக்குக் கொடுத்தவன் என்ற பெயரால்தான் ஓரி இன்றும் நினைக்கப்படுகிறான். ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலையில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா கலை நிகழ்ச்சிகளோடு நடக்கிறது.

நாடகத்தை எழுதியது யார்?

இன்றைக்கு மேடையில் பாடப்படும் வள்ளித் திருமணத்துக்கு அடித்தளம் போட்டவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா, பிரகலாதன் என்று ஏராளமான நாடகங்களை எழுதினார். 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்து அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயிற்சி பெற்றவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் மறைந்தார். அவரது சமாதி அங்கே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.

பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 2019 நடிகர் சங்கத் தேர்தலில் பாக்யராஜ் தலைமையில் போட்டியிட்ட அணிக்கு 'சுவாமி சங்கரதாஸ் அணி' என்று பெயர். சினிமா நடிகர்களும் தங்கள் மூத்தவராக உரிமை கொண்டாடும் பெயர் அது. வசந்தபாலன் இயக்கிய 'காவியத் தலைவன்' (2014) படம் அந்தக் கால நாடகக் கம்பெனி வாழ்க்கையைப் பின்னணியாகக் கொண்டதுதான்.

'ஸ்பெஷல் நாடகம்' என்று ஏன் பெயர்?

சங்கரதாஸ் காலத்தில் நாடகம் என்றால் கம்பெனி. ஒரே முதலாளி, ஒரே குழு, ஒரே இடத்தில் சாப்பாடு, தூக்கம், ஒத்திகை. காலப்போக்கில் கம்பெனிகள் கலைந்தன. நடிகர்கள் தனித்தனியாக நின்றார்கள். ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒவ்வொருவரையும் தனியாக, 'ஸ்பெஷலாக' புக் செய்யும் முறை நிலைத்தது. அதனால்தான் இந்தப் பெயர். இசை நாடகம் என்றும் சொல்வார்கள்.

நடைமுறை இதுதான். ஊர் விழாக் கமிட்டி ஏஜென்ட்டைப் பார்க்கிறது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், நாரதர் வேறு ஊர், பபூன், டான்ஸ் ஆளுக்கொரு பக்கம். ஹார்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட், தாளம் என்று பக்கவாத்தியமும் அப்படித்தான். சீன் படுதா கட்டுபவர் தனி. எல்லோருடைய போட்டோவையும் ஊர்ப் பெயரையும் போட்டு நோட்டீஸ் அடிப்பார்கள். நோட்டீஸைப் பார்க்கும் ரசிகர் 'என்ன நாடகம்?' என்று கேட்பதைவிட 'இந்த வருஷம் யாரு பபூன்? யாரு வள்ளி?' என்றுதான் கேட்பார்.

இவர்கள் எல்லோரும் ஒன்றுசேர்வது பெரும்பாலும் அன்று ராத்திரி மேக்கப் போடும் இடத்தில்தான். ஒத்திகை கிடையாது. இயக்குநர் கிடையாது. எல்லோருக்கும் பொதுவாக இருப்பது மூன்று விஷயம்: கதை, பாட்டு, காட்சிகளின் வரிசை. மற்றதெல்லாம் மேடையில்.

மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், திண்டுக்கல் வட்டாரத்தில் இந்த நாடகத்துக்கு மவுசு அதிகம். சேலம், நாமக்கல் பக்கம் தெருக்கூத்து வலுவான மண். கூத்து பார்த்துப் பழகிய நாமக்கல்காரருக்கு ஒரே வரியில் சொல்வதானால், கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலையைத்தான் இங்கே பபூன் செய்கிறார்.

ஒரு ராத்திரி எப்படி நகரும்?

இரவு சுமார் 10 மணி. முதலில் பக்கவாத்தியம். அடுத்து கடவுள் வாழ்த்து. அதன் பிறகு உடனே வள்ளி வரமாட்டார், முருகனும் வரமாட்டார். முதல் இரண்டு மணி நேரம் பபூனுக்கும் டான்ஸுக்கும் சொந்தம்.

நள்ளிரவை ஒட்டித்தான் கதை தொடங்கும். வள்ளி, நம்பிராஜன், தினைப்புனக் காவல் என்று நகர்ந்து நாரதர் வருவார். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம். பிறகு வேடன் வேஷத்தில் முருகன். மறுபடியும் தர்க்கம். கிழவர் காட்சி வரும்போது சின்னப் பிள்ளைகள் பாயில் தூங்கியிருக்கும். பெரியவர்கள் டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். யானை வந்து, கல்யாணம் முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

சினிமா போல இடத்தை விட்டு அசையாமல் பார்க்க வேண்டிய நாடகம் இல்லை இது. எழுந்து போகலாம், கண் அயரலாம், திரும்பி வரலாம். 'எது வரைக்கும் வந்திருக்கு?' என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் போதும். முதல் முறை பார்க்கப் போகிறவர் ஒரு பாய், ஒரு போர்வை எடுத்துப்போவது நல்லது. பாதியில் கிளம்ப வேண்டியிருந்தாலும் வேடன் – வள்ளி தர்க்கம் முடியும்வரை இருந்துவிட்டுப் போகலாம்.

பபூன் உண்மையில் என்ன செய்கிறார்?

வெளியிலிருந்து பார்ப்பவர் பபூனை 'நேரம் ஓட்ட வரும் ஆள்' என்று நினைக்கலாம். கூர்ந்து பார்த்தால், ராத்திரி முழுவதையும் தாங்கி நிற்பவர் அவர்தான்.

முதலில் தனியாக நின்று பேசுவார். ஊர்ப் பெயர், கமிட்டிக்காரர்கள், இந்த வருஷ மழை, பஸ் வசதி என்று உள்ளூர் விஷயமெல்லாம் ஜோக்காக வரும். வெளியூர் கலைஞர்கள் வந்து நிற்கும் மேடையை அந்த ஊரின் மேடையாக மாற்றுவது இந்தப் பேச்சுதான். பிறகு டான்ஸ் நடிகை வருவார். ரோட்டில் வரும்போது இருவரும் மோதிக்கொள்வது பழைய உத்தி. 'கண்ணு தெரியலையா?' என்று சண்டை தொடங்கும். அது போட்டியாகும். போட்டி பாட்டாகும். பாட்டு காதலாகும்.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் வெளியிடத்தில் சந்திப்பது, வாய்ச்சண்டை, பிறகு காதல். வள்ளிக்கும் வேடனுக்கும் நடக்கப்போவதும் இதேதான். காமெடியில் ரோட்டில் நடந்தது, கதையில் தினைப்புனத்தில் நடக்கிறது. முதல் இரண்டு மணி நேரம் நாடகத்துக்குச் சம்பந்தமில்லாத இடைச்செருகல் அல்ல; அதே கதையின் வேட்டி கட்டிய வடிவம்.

கதை தொடங்கிய பிறகும் பபூனுக்கு வேலை இருக்கிறது. சின்னச் சின்ன வேஷங்களில் வந்து, புராணத் தமிழில் நடக்கும் பேச்சை வீட்டுத் தமிழுக்கு இறக்கிவைப்பார்.

தர்க்கம் என்றால் வாதமா, நடிப்பா?

இரண்டும்தான். நாரதரோ வேடனோ கேள்வி கேட்க, வள்ளி பதில் சொல்ல வேண்டும். பாட்டில் கேட்டால் பாட்டில் பதில். புராணத்தில் மடக்கினால் புராணத்தில் பதில். ஒத்திகை இல்லாததால், எதிரே நிற்பவர் அடுத்து என்ன கேட்பார் என்று வள்ளியாக நடிப்பவருக்கு முழுசாகத் தெரியாது. தடுமாறினால் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். சமாளித்துத் திருப்பி அடித்தால் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். கதையின் முடிவு தெரிந்த ரசிகருக்குத் தெரியாத ஒரே விஷயம் இந்த மோதலில் இன்றைக்கு யார் ஜெயிப்பார் என்பதுதான். அதற்காகத்தான் கண் விழிக்கிறார்.

இந்த மேடை உருவாக்கிய நட்சத்திரங்கள் யார்?

செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளும் 1926-ல் இலங்கையில் இணைந்து மேடையேறினார்கள். வள்ளித் திருமணத்தில் வேலனும் வள்ளியுமாக அவர்கள் பாடிய ஜோடி, தமிழ் நாடக உலகின் பெரும் ஈர்ப்பாக மாறியது. மேடையில் தொடங்கியது கல்யாணத்தில் முடிந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. அதன் பிறகு சுந்தராம்பாள் ஆண் நடிகர்களுக்கு ஜோடியாக நடிக்கவில்லை.

அதே 1933-ல் டி.பி.ராஜலட்சுமி நடிப்பில் 'வள்ளி திருமணம்' பேசும் படமாக வந்தது. 1945-ல் ஏவி.எம். தயாரிப்பில் டி.ஆர்.மகாலிங்கம் நடித்த 'ஸ்ரீ வள்ளி', 1961-ல் சிவாஜி, பத்மினி நடித்த 'ஸ்ரீ வள்ளி' என்று சினிமா இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப எடுத்தது. படங்கள் வந்து போயின. நாடகம் நிற்கவில்லை.

இந்த மேடையை அரசியல் மேடையாக மாற்றியவர் தியாகி விஸ்வநாத தாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். வள்ளி பறவை விரட்டும் காட்சியில், வெள்ளைக் கொக்கை வெள்ளைக்கார ஆட்சிக்கு உவமையாக்கிப் பாடினார். பலமுறை சிறைக்குப் போனார். பிறந்த சாதியைக் காரணம் காட்டி அவரோடு நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31-ல் சென்னையில் வள்ளித் திருமணம் நாடகத்தில் மயில் மீது முருகனாக அமர்ந்திருந்தபோது மேடையிலேயே உயிர் பிரிந்தது.

பழைய நாடகத்தை 'மறுபடி போடுவது' என்றால் என்ன?

பிராட்வேயில் பழைய இசை நாடகத்தைப் பல ஆண்டுகள் கழித்து மேடையேற்றுவதை 'ரிவைவல்' என்பார்கள். அதற்கென்றே டோனி விருதில் தனிப் பிரிவு உண்டு. வசனமும் பாட்டும் பெரும்பாலும் பழையதுதான். புது இயக்குநர், புது செட், புது நடிகர்கள் வந்து, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துப் புதுசாக்குவார்கள்.

வள்ளித் திருமணம் இதற்குத் தலைகீழ். மேடையை விட்டு இறங்கினால்தானே மறுபடி ஏற்றுவதற்கு? படுதா பழையது, பாட்டு பழையது. புதுசாவது பேச்சும் ஜோக்கும் தர்க்கமும். யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுப் புதுப்பிப்பதில்லை. ஒவ்வொரு ராத்திரியும் வேறு வேறு ஊர்க்காரர்கள் சேர்ந்து நிற்பதாலேயே அது புதுசாகிவிடுகிறது. நாடகத்தின் பலம் என்ன என்று கேட்டால், இந்த ஏற்பாடுதான். பலவீனமும் இதிலேயே இருக்கிறது.

அப்படியானால் இப்போது என்ன சிக்கல்?

முதல் சிக்கல் நேரம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, மூடிய அரங்குகளைத் தவிர மற்ற இடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, மத விழாக்களுக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்கள், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். வள்ளி மேடைக்கு வருவதே நள்ளிரவை ஒட்டித்தான். இரவுத் தூக்கம் தேவைப்படும் நோயாளிக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் இந்த விதி நியாயமானது. ஆனால் அதை அப்படியே பொருத்தினால் காமெடியோடு நாடகம் முடிந்துவிடும். உள்ளூர் அனுமதியைப் பொறுத்தே ஒவ்வொரு ராத்திரியும் ஓடுகிறது.

இரண்டாவது, ஆபாசப் புகார். திருவிழா ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்தை நாடுவதும், ஆபாசம் கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை விதிப்பதும் தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. அந்தச் சந்தேகக் கண் நாடகத்தின் பபூன் – டான்ஸ் காட்சி மீதும் விழுகிறது. சில மேடைகளில் இரட்டை அர்த்தம் எல்லை மீறுவதும் உண்மைதான். ஆனால் பழி சமமாக விழுவதில்லை. மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களை ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், 2005-ல் வெளியான தன் நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். ஜோக் சொல்வது பெரும்பாலும் பபூன். கெட்ட பெயர் சுமப்பது ஸ்திரீபார்ட்டும் டான்ஸும். ராத்திரியில் வேலை, ஊர் ஊராகப் பயணம், அந்நிய ஆண்களோடு மேடையில் பேச்சு என்று தொழிலின் தேவைகளே பெண் கலைஞர்களுக்கு வசையாகத் திரும்புகின்றன.

மூன்றாவது, வருமானம். கம்பெனி இல்லை என்றால் மாதச் சம்பளமும் இல்லை. நாடகம் நடந்தால் காசு. 2020 மார்ச் 24-ல் கொரோனா ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது பங்குனி நடந்துகொண்டிருந்தது. சித்திரை, வைகாசி வரிசையில் நின்றன. ஆண்டு முழுக்கச் சாப்பிட வேண்டிய வருமானம் அந்த மாதங்களில்தான் இருக்கிறது. 2021-லும் இரண்டாவது அலை அதே கோடையில்தான் வந்தது. டைரியில் எழுதிய தேதிகளையெல்லாம் அடிக்க வேண்டியதாயிற்று.

இரண்டு மணி நேரமாகச் சுருக்கினால் என்ன?

நகர மேடைகளுக்காக இதைச் செய்யலாம். செய்தால் தப்பும் இல்லை. ஆனால் எதை வெட்டுவது என்ற கேள்வி வரும். 'பக்தி இருக்கட்டும், காமெடி வேண்டாம்' என்பது சுலபமான பதில். அப்படி வெட்டினால் எஞ்சுவது எல்லோருக்கும் தெரிந்த புராணக் கதை. ஊர்ப் பெயரைச் சொல்லிச் சிரிக்க வைப்பவர் இருக்கமாட்டார். தர்க்கத்தை முன்கூட்டியே எழுதிவைத்தால், யார் ஜெயிப்பார் என்ற பதற்றமும் இருக்காது. பாட்டுகள் அச்சுப் புத்தகத்தில் இருக்கின்றன; அவை தொலையாது. எழுதப்படாமல் கலைஞர்களின் நாக்கில் மட்டும் இருப்பதுதான் தொலையும்.

அதனால் இந்த நாடகத்தைக் காப்பாற்றுவது என்பது பழைய பிரதியைப் பூட்டி வைப்பது அல்ல. ராத்திரி எவ்வளவு நேரம் ஒலிபெருக்கி ஓடலாம் என்று ஊரும் காவல்துறையும் பேசி முடிவு செய்வது, டான்ஸ் நடிகையை மரியாதையோடு வரவேற்று அனுப்புவது, கேட்ட சம்பளத்தைக் கையில் கொடுப்பது. ஓரி காலத்தில் காட்டில் பாடிய பாணருக்கு வேடன் செய்ததும் இதில் பாதிதான். மீதியை இன்றைக்குச் செய்ய வேண்டியது விழாக் கமிட்டி.